முப்பத்தோரு இடது கால்கள்

எல்லம்மா ஓ.சி.

சிரிக்காதீர்கள், உண்மைதான். விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலாற்றங்கரையில், இருளர் குடியிருப்பில் பிறந்தவள். அம்மா ராஜம்மாள் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தாய்மாமன் சாமிநாதன் வரப்பில் எலி பிடித்தும் கரையில் விறகு வெட்டியும் பிழைத்தவர். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் பி.ஏ.வுக்கும் பிறகு சட்டக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டபோது, கையில் பழங்குடிச் சான்றிதழ் இல்லாததால் ஓ.சி. என்கிற பொதுப் பிரிவில், கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளின் வரிசையில், கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவளும் சளைக்காமல் நின்றாள். மார்க் வாங்கினாள், இடமும் வாங்கினாள். "நான் ஓ.சி.டி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

நான் ஹெப்சி. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் பேட்டர்ன் செக்ஷன். காலின் அளவை எடுத்து, அதற்கு ஏற்றபடி தோலை எப்படி வெட்டுவது என்று அட்டையில் வரைந்து கொடுப்பது என் வேலை. எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று ஃபேக்டரி முழுக்கத் தெரியும். எல்லம்மாவுக்குக் கோபமே வராது. பள்ளிக்கூட ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தோம், அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்து நானே கோபப்பட்டு வருகிறேன்.

சான்றிதழ் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. 1996-இல், பத்தாவது முடித்த கையோடு, அவள் சான்றிதழுக்கு மனு போட்டாள். விசாரணைக்கு ஓர் அதிகாரி குடியிருப்புக்கே வந்தார். எந்த அதிகாரி, எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் என் வாய் நிற்காது. ஜீப் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இருளர் என்றால் எலி பிடிக்கத் தெரியுமே, பிடித்துக் காட்டு என்றாராம். பதினாறு வயதுப் பெண்ணிடம். அவள் தனக்கு எலி பிடிக்கத் தெரியாது, அல்ஜீப்ரா தெரியும் என்றிருக்கிறாள். காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்த சாமிநாதன் மாமா, அக்கா மகளுக்காக ஓடிப்போய் வளையில் கையை விட்டு ஓர் எலியைப் பிடித்துக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தார். நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எலி பிடித்தவர் உறவினர், மனுதாரருக்குப் பழக்கவழக்கம் தெரியவில்லை, நிராகரிக்கப்படுகிறது.

அன்றைக்கு மாமா ஒரு முடிவு எடுத்தார். இனி எந்தக் காகிதத்துக்கும் தான் யார் என்று காட்டப்போவதில்லை என்றார். ஓட்டுப் போடப் போனதோடு சரி, அரசாங்கம் என்று யார் எதை நீட்டினாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விடுவார். எல்லம்மா மட்டும் விடவில்லை. அடுத்த ஒன்பது வருடத்தில் ஆறு மனு போட்டாள். அதில் மூன்றுக்குப் பதிலே வரவில்லை.

2005 டிசம்பர். எல்லம்மா அப்போது வேலூர் கோர்ட்டில் கிருபானந்தம் வக்கீலிடம் ஜூனியர். எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டு தினமும் ஆம்பூரிலிருந்து ரயிலில் காட்பாடி போய் வந்தாள். சனிக்கிழமை சாயங்காலமானால் ஸ்டேஷன் ரோட்டில் ஆபித் பாஷா பாயின் பிரவுசிங் சென்டருக்கு இரண்டு பேரும் போவோம். நான் இத்தாலிக்காரன் என்ன ஷூ போடுகிறான் என்று பார்ப்பேன். அவள் தீர்ப்புகள் தேடுவாள். அன்றைக்கு மலைவாசிகளின் நில வழக்கு ஒன்றுக்காக எதையோ தேடிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்துபோகிற அளவுக்குப் பிடி.

திரையில் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு. பழங்குடி மக்களின் சட்டமும் உரிமைகளும் என்று ஒரு வருட மேல்படிப்பு. பழங்குடிச் சமூகத்தில் பிறந்து சட்டம் படித்தவர்களுக்கு முழு உதவித்தொகை. ஆசியாவுக்கு மூன்று இடம். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தில் இருந்தவனைத் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லம்மா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. விண்ணப்பப் படிவத்தைத் திறந்து ஏழாவது கேள்வியில் நின்றுபோயிருந்தாள். சான்றிதழ் எண் என்று எங்கேயும் கட்டம் இல்லை. நீங்கள் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அந்த மக்கள் உங்களைத் தங்களில் ஒருவராக ஏற்கிறார்களா, அவர்களே எழுதிய கடிதத்தை, தலைவரும் மற்றவர்களும் அடையாளமிட்டு இணைக்கவும் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள்.

"ஹெப்சி, இவங்க அதிகாரியக் கேக்கலடி. எங்க ஆளுங்களக் கேக்கறாங்க."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். ஆபித் பாஷா பாய் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கத்தை அவரே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஜனவரி 31 கடைசி நாள் என்பதைச் சிவப்பு மையால் சுழித்தும் கொடுத்தார்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டு மாடி கல்யாண வீடு போல இருந்தது. எல்லம்மா எழுதுவாள், கிழிப்பாள், எழுதுவாள். கிருபானந்தம் சார் இங்கிலீஷைத் திருத்திப் பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார். மிச்சம் இருந்தது ஏழாவது கேள்வி. எல்லம்மா எங்கள் பெண், எங்களில் ஒருத்தி என்று இரண்டே வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு, மைப் பெட்டியோடு குடியிருப்புக்குப் போனோம். தோல் ஷாப் வேன் வந்து நின்றதும், இறங்கினவர்கள் ஒவ்வொருவராகக் கட்டை விரலை உருட்டி வைத்தார்கள். பெரியவர்கள் முப்பத்தோரு பேர். முப்பது பேர் வைத்தார்கள். முப்பத்தோராவது ஆள் சாமிநாதன் மாமா. குடியிருப்புக்குத் தலைவர் மாதிரி இருப்பவரும் அவர்தான். காகிதத்தைப் பார்த்தார், துண்டை உதறினார், ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

ராஜம்மாள் தம்பியைத் திட்டித் தீர்த்தாள். எல்லம்மா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஹாஸ்டலு, காலேஜு, கோர்ட்டுன்னு வருஷக்கணக்கா வெளியவே சுத்திட்டேன். மாமா கண்ணுக்கு நான் இப்ப யாரோ ஆய்ட்டேன் போல."

எலி விஷயம்தான் காரணம், உன்னை ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கனடா கிடைக்குமா கிடைக்காதா என்பதை விட இதுதான் அவளை உள்ளே அரித்தது. அரசாங்கம் ஒன்பது வருடமாக நீ இருளர் இல்லை என்றது, சரி. மாமாவும் அதையே சொன்னால் அவள் எங்கே போவாள்?

முப்பது கைரேகையோடு கடிதத்தை ஸ்கேன் செய்து ஜனவரி முதல் வாரம் அனுப்பினோம். பொங்கல் முடிந்த மறுநாள் பதில் வந்தது. மரியாதையான பதில். விண்ணப்பம் மிக நன்றாக இருக்கிறது, ஆனால் கடிதத்தில் இரண்டு குறை. ஒன்று, தலைவரின் அடையாளம் இல்லை. இரண்டு, கட்டை விரல் பதிவுகள் எல்லாம் வெறும் மைத் திட்டுகளாக இருக்கின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும், 31-ஆம் தேதிக்குள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அசல் கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். முப்பது நீல உருண்டை. ஒன்றிலும் ஒரு கோடு இல்லை. வருடக்கணக்கில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் அலசுகிற கை அது. காலுக்கு ரப்பர் கம் பூட் கொடுத்திருந்தார்கள். கையுறை கொடுத்த மாதமே கிழிந்துபோகும், பிறகு வெறுங்கைதான். தோலில் இருக்கிற ரோமத்தை எடுக்கிற சுண்ணாம்பு விரலில் இருக்கிற ரேகையை விட்டுவைக்குமா? அந்தத் தோல்தான் வழவழப்பாகி என் மேஜைக்கு வருகிறது. ஆறு வருடமாக அதைத் தடவிப் பார்த்து, நல்ல சரக்கு என்று சொல்லி வந்திருக்கிறேன். ராஜம்மாளின் விரலை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

கிருபானந்தம் சார் ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு பேனாவில் ஆளுக்கொரு கோணத்தில் முப்பத்தோரு கையெழுத்தை எல்லம்மாவே போட்டுவிடலாம், கனடாவிலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். அவள் மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார். சட்டம் படிக்க இடம் கேட்கிறேன், அதைக் கள்ளக் கையெழுத்தோடு எப்படி சார் கேட்பது என்றாள் எல்லம்மா. சார் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தார்.

ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. என்ன செய்வது என்று தெரியாமலே குடியிருப்புக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்று மணலில் குறுக்கே நடந்தோம். கோபத்தில் நான் விடுவிடுவென்று முன்னால் போக, எல்லம்மா பின்னால் வந்தாள். ராஜம்மாளின் குடிசை வாசலில் உட்கார்ந்து அரை மணி ஆனதும், விறகுச் சுமையோடு சாமிநாதன் மாமா அதே வழியாக வந்தார். சுமையை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் முகத்தைக் கூடப் பார்க்காமல் கேட்டார்.

"ஹெப்சி பொண்ணுக்கு இடது குதிகால்ல இன்னா? மொன விரல்லியே நடந்து வந்துக்கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாரம் ஒரு புது மாடல் ஷூவைப் போட்டுப் பார்த்ததில் குதிகாலில் கொப்புளம். யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றேன். மணலில் பார்த்தேன் என்றார், அதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி. என் கால் என்று எப்படித் தெரியும் என்றேன். அவர் விறகை அவிழ்த்து அடுக்க ஆரம்பித்தார். ராஜம்மாளும் பக்கத்து வீட்டுப் பெண்களும்தான் சிரித்தார்கள். இங்கே எல்லாருக்கும் எல்லார் காலும் தெரியும், யார் ஆற்றுக்குப் போனது, யார் வயலுக்குப் போனது, யார் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனது என்று மணலைப் பார்த்தே சொல்வோம் என்றார்கள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எங்கள் செக்ஷனில் தட்டையாக ஒரு பெட்டி இருக்கிறது. மேலே ரப்பர் விரிப்பு, அதன் அடிப்பக்கம் மை, அதற்குக் கீழே காகிதம். ரப்பர் மேல் ஏறி நின்றால் காலில் துளி மை படாமல் பாதம் அப்படியே காகிதத்தில் விழும். மேடு, பள்ளம், வெடிப்பு, ரேகை, ஒன்று விடாது. கையைச் சுண்ணாம்பு தின்றிருக்கலாம், காலை கம் பூட் காப்பாற்றி வைத்திருந்தது. ஆறு வருடமாகக் கால் பார்க்கிறவள் நான், உலகத்தில் ஒரு கால் மாதிரி இன்னொரு கால் கிடையாது என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

எல்லாருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. எல்லம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். மாமா இல்லாமல் இது முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு பிரிண்ட் எடுத்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் மணலில் உட்கார்ந்தாள். ஏழாவது கேள்வியைத் தமிழில் சொன்னாள். மாமாவின் கை துண்டுக்குப் போனது.

"நான் யாருன்னு எவனுக்கும் காட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். உனக்குத் தெரியும்."

"மாமா, அவங்க உன்ன யாருன்னு கேக்கல. நான் யாருன்னு உன்னக் கேக்கறாங்க."

மாமாவின் கை துண்டிலேயே நின்றது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். காகிதத்தை வாங்கி, எழுத்து தெரியாது என்றாலும், அந்த வரி எது என்று கேட்டு அதன் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னா நம்புவாங்களா?"

"நீ சொன்னாத்தான் நம்புவாங்களாம்."

  மாமா என் பக்கம் திரும்பி, அந்தப் பெட்டி எப்போது வரும் என்று கேட்டார்.

பெட்டி வெளிநாட்டுச் சாமான். அதை வெளியே கொண்டுபோக செக்ஷன் மேனேஜர் மக்பூல் அகமது சார் விட மாட்டார் என்று நினைத்து, திங்கட்கிழமை சண்டைக்கே தயாராகப் போனேன். எதற்கு என்று கேட்டார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எத்தனை கால் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். நாற்பது தாள் எண்ணி எடுத்துக் கொடுத்து, வெள்ளிக்கிழமை காலை ஃபிட்டிங் இருக்கிறது, அதற்குள் பெட்டி மேஜையில் இருக்க வேண்டும் என்றார். சண்டை போட ஒன்றும் கிடைக்காமல் வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை குடியரசு தினம். தோல் ஷாப்புக்கும் லீவு, எங்களுக்கும் லீவு. குடியிருப்பே ஆற்றங்கரையில் கூடிவிட்டது. சாமிநாதன் மாமா ஊற்றுத் தண்ணீரில் காலைத் தேய்த்துக் கழுவி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். அவருக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, சின்ன வயதில் கோடாலி பட்டுப் போனது. பெட்டி மேல் ஏறி, பாரம் முழுவதையும் ஊன்றி நின்றார். நான் தாளை உருவித் தூக்கிப் பிடித்ததும் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் அவர் பெயரைச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு தாளை உருவும்போதும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்களிடம் காட்டுவேன். யார் கால் என்று தப்பாமல் சொல்வார்கள். ஒரு பெண்ணுக்குப் பாதத்தில் கூச்சம், நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியாக ராஜம்மாள். எல்லம்மா ஒவ்வொரு தாளிலும் பெயர் எழுதினாள். கடிதத்தையும் மாற்றினோம். எல்லம்மா எழுதி வந்ததை மாமா ஒதுக்கிவிட்டுத் தானே சொன்னார், அவள் ஒரு சொல் மாறாமல் எழுதினாள்.

"இவ எங்க எல்லம்மா. ராஜம்மா பொண்ணு. எவ்ளோ தூரம் போயி படிச்சாலும் ஆத்துல இவ காலப் பாத்தா எங்க பொடுசுங்களுக்கும் தெரியும். சந்தேகம்னா வந்து பாருங்க. இவ எங்களுது."

எழுதுகிறவளின் கண்ணீர் விழுந்து ஒரு வரி கலைந்தது. மாமா அதட்டினார், வேறு தாளில் மறுபடி எழுதினாள். பஸ்ஸில் ஆம்பூர் வரும் வரை அந்தக் காகிதக் கட்டை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஆகிவிட்டேன் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

ஆபித் பாஷா பாயின் ஸ்கேனர் சின்னது. ஒவ்வொரு பாதத்தையும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாக ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. இருபதாவது தாள் போகும்போதுதான் நான் செய்திருந்த காரியம் என் கண்ணில் பட்டது. எங்கள் ஃபேக்டரியில் சாம்பிளுக்கு ஒற்றை ஷூதான் செய்வோம், இடது கால் மட்டும். அந்தப் பழக்கத்தில் முப்பத்தோரு பேரிடமும் இடது காலை மட்டும் எடுத்திருக்கிறேன். அது போகட்டும். கையில் பேனா இருந்ததால், தாளின் மூலையில் என் வழக்கப்படி சைஸும் எழுதித் தொலைத்திருக்கிறேன். ராஜம்மாள், 37, முன்பாதம் அகலம். சாமிநாதன், 41, சுண்டுவிரல் இல்லை, லைனிங் மெத்தென்று வைக்கவும். அதையும் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு எழுதுகிற மாதிரி இங்கிலீஷில்.

எல்லம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சட்டப் படிப்புக்குப் போகிற விண்ணப்பத்தை ஷூ ஆர்டர் மாதிரி ஆக்கிவிட்டாயே என்றாள். அழிக்க முடியாத மை. மறுபடி எடுக்கத் தாள் ஒன்பதுதான் மிச்சம், காலையில் பெட்டியும் திரும்பிப் போக வேண்டும். விடிந்தால் எல்லாரும் தொட்டியில் நிற்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது பெரிய காரியம். கடிதத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அப்படியேதான் அனுப்பினோம்.

மார்ச்சில் நேர்காணல், எங்கள் வீட்டு டெலிபோனில். நான் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று குரல்கள் மாறி மாறி அரை மணி நேரம் சட்டம் கேட்டன. எல்லம்மா பிசிறில்லாமல் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, அங்கேயே பழங்குடியில் பிறந்த ஓர் அம்மாள், கால்களின் ஓரத்தில் இருக்கும் எண்கள் என்ன என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லம்மா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, பாதங்களைப் பதிவு எடுத்தது ஷூ ஃபேக்டரியில் வேலை செய்யும் தன் தோழி, ஒரு காலைப் பார்த்துவிட்டு சைஸ் எழுதாமல் அவளால் இருக்க முடியாது என்றாள். அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். தலைவருக்கு மெத்தென்று வைக்கச் சொன்னது ஏன் என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார். மாமாவுக்கு சுண்டுவிரல் இல்லாததையும் கோடாலியையும் எல்லம்மா சொன்னாள்.

 பிறகு அந்த அம்மாள் சொன்னது எனக்கே புரிந்தது. பல வருடமாக எங்கெங்கிருந்தோ சமூகக் கடிதங்கள் வருகின்றன, ஆள் யார் என்று சந்தேகம் வராமல் நான் படித்த முதல் கடிதம் இது என்றார். பொய்யாகக் காலை வைக்கிறவன் மெத்து கேட்க மாட்டான் இல்லையா என்றேன் நான், டெலிபோன் வைத்த பிறகு. எல்லம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ஏப்ரல் பத்தாம் தேதி மெயில் வந்தது. முதல் வார்த்தையைப் படித்ததுமே நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன். இறங்கச் சொல்லி பாய் கெஞ்சினார். ஆசியாவின் மூன்று பேரில் ஒரு பெயர் எல்லம்மா ராஜம்மாள். அப்பா பெயர் கேட்ட இடத்தில் அவள் எழுதியிருந்தது அதுதான். பாய் கடையைப் பூட்டிவிட்டு ஒரு அண்டா பிரியாணிக்குச் சொல்ல, அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆம்பூரிலிருந்து குடியிருப்பு வரைக்கும் போனோம். வழியெல்லாம் நான் பாடினேன், ஆலயத்தில் பாடுகிற பாட்டு எல்லாம் தீர்ந்து வேறு பாட்டும் பாடினேன். இறங்கினதும் எல்லம்மா நேராக மாமாவிடம் ஓடினாள்.

"நான் சொன்னத நம்பிட்டாங்களா?" என்று கேட்டார் அவர்.

"நம்பிட்டாங்க மாமா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆற்றுப் பக்கம் போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆகஸ்டில் அவள் புறப்பட்டாள். அந்தக் குளிருக்கு ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தேன், அவளுக்கு மட்டும் இரண்டு காலும் அளவெடுத்து. ஒரு வருடம் முடிந்து அடுத்த செப்டம்பரில் திரும்பி வந்து, கிருபானந்தம் சாரின் அறையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தாள். தனக்கு இன்னொரு மனு போடவில்லை. முதலில் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வரட்டும் என்றாள். அதனால் இந்தத் தேதி வரைக்கும் அவள் ஓ.சி.தான்.

2008 ஜூனில் குடியிருப்பில் மோகனா என்று ஒரு பெண் பத்தாவது முடித்தாள். சான்றிதழுக்கு மனு போட்டாள். விசாரணைக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார், எல்லம்மாவும் நானும் போயிருந்தோம். அதே மாதிரி ஜீப், அதே மாதிரி நாற்காலி. கெட்டவர் மாதிரி தெரியவில்லை, ஆனால் வழக்கம் அவரையும் விடவில்லை. உங்கள் ஆட்கள் செய்கிற வேலை ஏதாவது தெரியுமா, செய்து காட்டு என்றார் அந்தப் பெண்ணிடம். எனக்குக் கோபம் மூக்கு வரை வந்துவிட்டது. எல்லம்மாவின் பை நிறையத் தீர்ப்புகள், அரசாணைகள், கனடாவில் படித்த அத்தனையும். அவள் பையைத் திறந்து எதையும் எடுப்பதற்குள் சாமிநாதன் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, நாற்காலிக்கு எதிரில் நின்றார்.

"சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் செஞ்சு காட்டாது. அது யாருன்னு என்னக் கேளுங்க. நான் சொல்றேன்."

அதிகாரி எல்லம்மாவைப் பார்த்தார். அவள் பையை மூடிவிட்டாள்.

"அவரத்தான் கேக்கணும் சார்" என்றாள்.

 அதிகாரி டிரைவரைக் கூப்பிட்டு, ஜீப்பிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து மாமாவுக்குப் போடச் சொன்னார். பேனாவைத் திறந்தார், கேட்டார். மாமா மோகனாவின் அம்மாவைப் பெற்றவளிலிருந்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.